கன்னடியன் கால்வாய்ச் சரிவில் கரண்ட் எடுக்கலாமா?

கேள்வி: தாமிரபரணியில இருந்து பிரியுற கன்னடியன் கால்வாயில எங்க ஊர்ச் சரிவு இது. தண்ணீர் விழுற இறக்கம் ஒன்றரை மீட்டர், தண்ணீர் வினாடிக்கு 300 லிட்டர். தெருவிளக்குக்கும் நூலகத்துக்கும் போதுமா அண்ணாச்சி?

பதில் 1: கணக்குக்கு 4.4 கிலோவாட். இழப்பு போக 2.5 கிலோவாட்டை நம்புங்க. பம்பைத் தலைகீழா ஓட்டி டர்பைனாக்குறது இவ்வளவு குறைஞ்ச இறக்கத்துக்கு எடுபடாது, ஆர்க்கிமிடீஸ் திருகுதான் (சாய்வா படுத்திருக்கிற பெரிய திருகு, தண்ணீர் இறங்க இறங்கச் சுத்தும்) சரி. அது நிமிஷத்துக்குச் சுமார் 50 சுற்றுதான், ஜெனரேட்டருக்கு அந்த வேகம் பத்தாது, அதனால வேகத்தைக் கூட்டுற கியர்பாக்ஸ் கட்டாயம். வெள்ளத்துல திருகுக்குக் கீழ்ப்பக்கத் தண்ணீர் மட்டமும் ஏறி இறக்கத்தைத் தின்னுடும். சரிவுக்கு மேலயும் கீழயும் அளவுகோல் நட்டு, ஒரு சாகுபடி முழுக்கக் குறிச்சுப் பாருங்க.

பதில் 2: சருகு திருகுக்குள்ள போயிடும். தென்னமட்டையும் வாழைத்தண்டும்தான் சிக்கும். 10 செ.மீ. இடைவெளியில சாய்வா கம்பி வைங்க, தினம் வாரணும். லோடு (கரண்ட் செலவு) சட்டுன்னு குறைஞ்சா ஜெனரேட்டர் வேகமெடுத்து வோல்டேஜ் எகிறும், பல்பெல்லாம் போகும். மிச்ச கரண்டைத் தண்ணீர் ஹீட்டருக்குத் திருப்புற லோடு கன்ட்ரோலர் இல்லாம ஓட்டாதீங்க.

பதில் 3: நீர்வளத்துறை அனுமதி முதல்ல. கோடையில வாய்க்கால் அடைச்சிருவாங்க, அதுக்குச் சோலார் சேருங்க.