பெரியவீடு, களக்காடு (வாட்ஸ்அப் குழு)

கோமதி அத்தை: ஏல யாராவது போனை எடுங்கல. சங்கரனுக்குக் குண்டு பட்டுட்டுன்னு பால்காரர் சொல்லிட்டுப் போறார்

மணி: என்னது??

செல்வி மதினி: பதறாதீங்க அத்தை. சித்தப்பா நல்லா இருக்காவ. அண்டாவுக்குத்தான் பட்டது

கோமதி அத்தை: எந்த அண்டா

செல்வி மதினி: [படம்]

செல்வி மதினி: ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துச் சொதிக்காக விளக்கி வைத்த பித்தளை அண்டா. பக்கவாட்டில் என் கைமுட்டி நுழைகிற ஓட்டை. விளிம்பெல்லாம் உள்பக்கம் மடங்கிக் கிடக்கு

கோமதி அத்தை: அது அம்மா எனக்குத் தாறேன்னு சொன்ன அண்டா

மணி: ஆரம்பிச்சாச்சு 😂

சங்கரன் சித்தப்பா: யாரும் பயப்பட வேண்டாம். வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினேன். பின்னால் சாத்தியிருந்த அப்பாவின் துப்பாக்கி சரிந்து விழுந்து வெடித்துவிட்டது. சேப்டி போட்டுத்தான் இருந்தது, இப்பவும் போட்டபடியே இருக்கு

சுபேதார் அத்தான்: சேப்டி போட்டிருந்தாலும் வெடிக்கும். இந்த மாதிரி இரட்டைக்குழலில் குதிரை வெளியே தெரியாது, உள்ளே இருக்கும். துப்பாக்கியை மடக்கித் திறக்கும்போதே அது பின்னுக்கு ஏறி ஒரு சின்னக் கொக்கியில் நிற்கும். ட்ரிகரை இழுத்தால் கொக்கி விலகும், குதிரை தோட்டாவின் பின்பக்கம் அடிக்கும். கட்டைவிரலால் தள்ளுகிற சேப்டி பெரும்பாலும் ட்ரிகரை மட்டும்தான் பூட்டும். கொக்கியையும் குதிரையையும் பிடிக்காது. கொக்கி முனை தேய்ந்திருந்தாலோ, பழைய எண்ணெய் பிசுக்காகி ஒட்டியிருந்தாலோ, விழுகிற அதிர்ச்சியில் தானாக நழுவும். சில துப்பாக்கிகளில் குதிரையைத் தடுக்க இரண்டாவது கொக்கி ஒன்று வைத்திருப்பார்கள். மாமாவுடையதில் கிடையாது, நானே எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன். சரி, குழல் இரண்டு. வெடித்தது ஒன்று. மற்றதில் தோட்டா இருக்கிறதா?

மணி: சைவ வீட்டுத் துப்பாக்கிக்கு இதுதான் முதல் வேட்டை

செல்வி மதினி: 😂😂 தாத்தா காலமெல்லாம் வானத்தைத்தானே சுட்டாவ

பாலா டெக்சாஸ்: இங்கே ரெமிங்டன் மாடல் 700 என்று ஒரு ரைபிள், 1962ல் வந்தது. சேப்டியை எடுத்ததுமே வெடிக்கிறது என்று ஆயிரக்கணக்கில் புகார். ட்ரிகருக்குள் ஒரு சின்னத் தகடு, தூசி அடைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பாது என்று வழக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். 1982 வரை வந்தவற்றில் தோட்டாவை வெளியே எடுக்கவே சேப்டியை எடுத்தாக வேண்டும். கம்பெனி கடைசிவரை குறையே இல்லை என்றது, ஆனால் சமரசத்தில் ட்ரிகரை இலவசமாக மாற்றித் தர ஒத்துக்கொண்டது

கோமதி அத்தை: பாலா, நீ விருந்துக்கு வாறியா இல்லையா

பாலா டெக்சாஸ்: லீவு கேட்டிருக்கேன் அத்தை

சுபேதார் அத்தான்: இரண்டாவது குழல்?

செல்வி மதினி: சொதிக்கு இப்போ எதில் தேங்காய்ப்பால் காய்ச்ச? அறுபது இலை

கோமதி அத்தை: ஈயம் பூசி அடைக்கலாமா

மணி: அந்த ஓட்டையை அடைக்க பாத்திரக்கடையே வேணும்

சுபேதார் அத்தான்: லைசென்ஸ் மாமா பெயரில். அவர் தையில் தவறினார், இது ஆவணி. ஆயுதச் சட்டம் 1959, 21ஆம் பிரிவு. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். அன்றைக்கே சொன்னேன்

சங்கரன் சித்தப்பா: தேர்தலுக்கு ஒவ்வொரு தடவையும் அப்பா கொடுத்துத்தானே வாங்கினார்

மணி: அது வேற சித்தப்பா

சுபேதார் அத்தான்: மாமா படுத்து ஒரு வருஷம் இருந்தாரே, அப்போ தோட்டா போட்டது யார்?

சங்கரன் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி: பாத்துட்டோம் சித்தப்பா. ஏத்தன் வாழைக்குப் பன்றி வந்துச்சாம் 🐗

கோமதி அத்தை: அப்போ அண்டாவுக்கு நீதான் பொறுப்பு சங்கரா

சங்கரன் சித்தப்பா: பாகப்பிரிவினையில் எனக்கு வந்த அண்டா அது

கோமதி அத்தை: வந்ததா எடுத்ததா

செல்வி மதினி: பெரியவங்க கொஞ்சம் தனியாப் பேசிக்கிடுங்களேன். மறுவீட்டுக்காரங்க நம்பரும் இந்தக் குரூப்பில் இருக்கு

சுபேதார் அத்தான்: சங்கரா. மூன்றாவது தடவை கேட்கிறேன். இரண்டாவது குழல்?

சங்கரன் சித்தப்பா: தெரியல. தரையிலேயேதான் கிடக்கு

சுபேதார் அத்தான்: தொடாதே. வெள்ளையடிக்கிற பையனை வெளியே அனுப்பு. அறையைப் பூட்டிச் சாவியை நீயே வைத்துக்கொள். ஜங்ஷனில்தான் இருக்கிறேன், அடுத்த பஸ்ஸில் வாறேன்

கோமதி அத்தை: ஜங்ஷன்ல பாத்திரக்கடை இருக்குமே மாப்ளை, வாடகைக்கு அண்டா கேட்டுட்டு வாங்க

சுபேதார் அத்தான்: எத்தனை படி?

கோமதி அத்தை: பழைய அளவு

சங்கரன் சித்தப்பா: ஸ்டேஷனுக்கு விருந்து முடிஞ்சு போனாப் போதாதா அத்தான்