இரத்தம் கேட்டுப் போட்ட மெசேஜ் மூண்டு வருசமா சுத்துது: ஊர் குரூப்பில ஆக்களிட நம்பரும் ஐடி கார்டும் போடலாமா?

உப்புவெளிக்காரி

நேத்து ராத்திரி பத்தரைக்கு அக்காட ஃபோன் அடிச்சுது. மட்டக்களப்பில இருந்து ஒரு பொடியன். "அக்கா, ஓ நெகட்டிவ் தேவை எண்டு மெசேஜ் பாத்தன், காலம முதல் பஸ்ஸில வரட்டா" எண்டு கேக்கிறான். அக்கா "இல்ல தம்பி, இப்ப தேவையில்ல, பெரிய நன்றி" எண்டு சொல்லி வெச்சிட்டா, பிறகு விடியுமட்டும் படுக்கேல்ல.

அத்தான் மோசம் போய் மூண்டு வருசமாகுது. 2022 ஆடியில அவருக்கு பிளேட்லெட் (இரத்தத் தட்டு) இறங்கின நேரம் நான்தான் அந்த மெசேஜை எங்கட திருகோணமலை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில போட்டனான். அத்தான்ட முழுப்பேர், என்ன வருத்தம், எத்தினையாம் வார்ட், எத்தினையாம் கட்டில், அக்காட நம்பர், எல்லாம் எழுதி கடைசியில "அதிகம் பகிரவும்" எண்டும் போட்டன். திகதி மட்டும் போடேல்ல. அந்தப் பதட்டத்தில ஆருக்கு திகதி ஞாபகம் வரும். இண்டைக்கும் அது எங்கயோ ஓடிக்கொண்டுதான் இருக்கு, மாசத்தில ரெண்டு மூண்டு கோல், சில நேரம் வெளிநாட்டில இருந்தும் "இப்ப எப்பிடி இருக்கிறார்" எண்டு கேக்கிறாங்க.

அதால எங்கட ஊர் குரூப்புகள்ள நோயாளிட பேர், வீட்டுக்காரரிட நம்பர், துலைஞ்ச ஐடி கார்ட்டிட படம் ஒண்டும் போடக்கூடாது எண்டு அட்மின்மார் முடிவெடுக்கணும் எண்டு கேக்கிறன். ஆயிரம் பேர் இருக்கிற குரூப்பில போடுறது சந்தையில ஒட்டுற மாதிரித்தான்.

பாலையூற்று அட்மின்

அக்கா, உங்கட கவலை விளங்குது, ஆனா நான் இதுக்கு சம்மதிக்க மாட்டன். நம்பர் இல்லாட்டி நாங்க ஆரிட்ட கேக்கிறது? அந்த 2022 ஆடியை நினைச்சுப் பாருங்க, ஷெட்டில மூண்டு நாள் நாலு நாள் வரிசை, ஒரு சொட்டுப் பெற்றோல் இல்ல, ஓட்டோ இல்ல, அப்பிடி இருக்கேக்க நிலாவெளியில இருந்து ரெண்டு பொடியன்மார் சைக்கிள் உழக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. வெளிக்கிட முதல் மெசேஜில இருந்த நம்பருக்கு அடிச்சு "இன்னும் தேவையா" எண்டு கேட்டிட்டுத்தான் வந்தாங்க. நம்பர் இல்லாம இருந்தா ஒண்டு வந்து ஏமாந்து திரும்பியிருப்பாங்க, இல்லாட்டி வராமலே விட்டிருப்பாங்க.

நான் இந்த குரூப்பை எட்டு வருசமா நடத்துறன். காணாமப் போன பிள்ளை, வெள்ளம், மையித்து, செத்தவீடு, கடன் வாங்கி ஒப்பரேசன், எல்லாம் இதிலதான். சனம் சனத்துக்கு உதவுறது பேரும் நம்பரும் தெரிஞ்சுதான். பேரை எடுத்தா மனிசனை எடுத்த மாதிரி.

கிண்ணியா நானா

அட்மின் தம்பி சொல்றது சரி. போன வருசம் என்ட பர்ஸ் பஸ்ஸில விழுந்திட்டு. ஐடி கார்ட், லைசன், பதினோராயிரம் ரூவா காசு. வீட்ட போய்ச் சேர முதல் மகள் அடிக்கிறாள், "வாப்பா உங்கட ஐடி குரூப்பில வந்திருக்கு" எண்டு. சீனக்குடாப் பக்கம் ஒரு தம்பி எடுத்து ரெண்டு பக்கமும் படம் புடிச்சுப் போட்டிருக்கிறார். காசு ஒரு சதம் குறையல்ல. படம் போடாட்டி எனக்கு எப்பிடிக் கிடைச்சிருக்கும்? பொலிசில முறைப்பாடு, கிராம சேவகர், பிறகு புது அட்டைக்கு அலைச்சல், எத்தினை நாள் கூலி போயிருக்கும். அந்தத் தம்பியைப் போய் தப்புச் செய்தாய் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

உவர்மலை ரீச்சர்

நானா, அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, அதில ரெண்டு கதை இல்ல. ஆனா எங்கட அடையாள அட்டை நம்பர் வெறும் நம்பர் இல்ல எண்டதை எல்லாரும் தெரிஞ்சிருக்கணும். பழைய அட்டையில முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 78532 எண்டு தொடங்கினா 1978 மாசி, அதாவது பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பெண். 2016இல வந்த 12 இலக்க நம்பரிலயும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் நாலு இலக்கமா வரும். பின்பக்கத்தில விலாசம் இருக்கு. பாங்கில இருந்து கதைக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தன் அடிச்சு, உங்கட பேர், பிறந்த நாள், விலாசம் எல்லாத்தையும் அவனே சரியா வாசிச்சுக் காட்டினா எந்த மனிசரும் நம்பித்தான் ஓடிபியைச் சொல்லுவாங்க. என்ட பக்கத்து வீட்டில அப்பிடித்தான் நடந்தது, அந்த அம்மா காசு போனதை விட தான் ஏமாந்ததைச் சொல்லித்தான் அழுதவ.

கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு பெற்றோலை அளந்து குடுக்க கியூஆர் வந்த நேரமும் பாத்தனாங்கதானே. "ஆராவது பிரிண்ட் எடுத்துத் தாங்க" எண்டு கியூஆர் படத்தை அப்பிடியே குரூப்பில போட்டார் எங்கட ஒழுங்கையில ஒருத்தர். ஷெட்டுக்குப் போய் நிண்டா அந்தக் கிழமைக் கோட்டாவை வேற ஆரோ அடிச்சு முடிச்சாச்சு.

பேரை மட்டும் எழுதி, "சீனக்குடாப் பக்கம் பர்ஸ் கிடைச்சது, அடையாளம் சொல்லி எடுங்க" எண்டு போட்டாலும் நானாட கைக்கு வந்திருக்கும்.

கிண்ணியா நானா

500 கூட்டுற கணக்கு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும் ரீச்சர். ஐடி விசயத்தில நீங்க சொல்றதை ஏத்துக்கிறன். ஆனா இரத்தம் வேற. அதில நம்பர் வேணும்.

சாம்பல்தீவுப் பொடியன்

இதுக்கு ஏன் ஊரைத் திருத்த வெளிக்கிடுறீங்க, அக்காவை சிம்மை மாத்தச் சொல்லுங்க, பிரச்சினை முடிஞ்சுது. இல்லாட்டி வாட்ஸ்அப் செட்டிங்கில தெரியாத நம்பர் கோலை மியூட் பண்ண வழி இருக்கு, 2023இல இருந்தே இருக்கு.

உப்புவெளிக்காரி

தம்பி, மியூட் பண்ணினா வாட்ஸ்அப் கோல்தான் நிக்கும், நேர அடிக்கிற கோல் வரத்தான் செய்யும். அக்கா தையல் தைச்சுக் குடுத்துத்தான் ரெண்டு பிள்ளையளையும் படிப்பிக்கிறா, அவவுக்கு வாற வேலை முக்காவாசி தெரியாத நம்பரில இருந்துதான் வரும். சிம்மை மாத்துறதுக்கு பாங்க், பள்ளிக்கூடம், அரசாங்க உதவிப் பணத்துக்கான சமுர்த்தி கார்ட்டில இருந்து அஸ்வெசும வரைக்கும் எல்லாத்திலயும் அந்த நம்பர். அதை விடுங்க, அந்த சிம்மை அத்தான்தான் கலியாணம் கட்டின வருசம் வாங்கிக் குடுத்தவர், தன்ட நம்பருக்கு அடுத்த நம்பரா கேட்டு எடுத்தவர், கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். அவ அதை விட மாட்டா. நான் கேக்கவும் மாட்டன். பிழை விட்டது நான், அவ ஏன் நம்பரை மாத்தணும்?

சட்டம் படிக்கிறவன்

சட்டத்தில வழி இருக்கா எண்டு கேக்கிற ஆக்களுக்காகச் சொல்றன். 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, வருத்தம் பற்றின விவரத்தை அது கூடுதலாப் பாதுகாக்க வேண்டிய தரவாத்தான் பாக்குது. ஆனா ஒரு தனி ஆள் தன்ட சொந்த, வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்யிறது அதுக்குள்ள வராது. கம்பனியள், திணைக்களங்களைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம். அதால இந்த விசயத்தை குரூப் ஆக்கள் தங்களுக்குள்ள பேசித்தான் தீர்க்கணும்.

மட்டிக்களி

நம்பர் நம்பர் எண்டு எல்லாரும் ஆம்பிளையளா நிண்டு கதைக்கிறீங்க. நான் ரெண்டு வருசத்துக்கு முதல் தங்கச்சிட டியூசன் விசயமா குரூப்பில ஒரு கேள்வி கேட்டன், அண்டிரவே அஞ்சு பேர் "ஹாய்". ஒருத்தன் புரொஃபைல் படத்தை எடுத்து எனக்கே அனுப்பி "வடிவா இருக்கு" எண்டான். அண்டைக்குப் பிறகு நான் அதில வாய் திறக்கிறேல்ல. இரத்தம் குடுக்க எனக்கும் விருப்பம், குடுக்கிறன், ஆனா குரூப்பில பேர் குடுக்க மாட்டன்.

பாலையூற்று அட்மின்

தங்கச்சி, அவங்கட நம்பரை எனக்கு தனியா அனுப்புங்க, இண்டைக்கே தூக்குறன்.

உப்புவெளி அக்கா, உங்கட பழைய மெசேஜை நான் தேடிப் பாத்தன். எங்கட குரூப்பில இல்ல. ஆனா இருந்தாலும் இப்ப ஒண்டும் செய்ய ஏலாது, எல்லாருக்கும் அழிக்கிறதுக்கு ரெண்டரை நாள்தான் தவணை, அதுக்கு முதல் அழிச்சாலும் ஃபோர்வேட் ஆன கொப்பியள் அழியாது. ஃபோர்வேட்டில முதல் அனுப்பின ஆளிட பேரும் வராது, எப்ப அனுப்பினது எண்டும் வராது, இண்டைக்கு வந்தா இண்டைக்குப் போட்ட மாதிரித்தான் தெரியும். அந்த மட்டக்களப்புப் பொடியனுக்கு அது புது மெசேஜ். அவனில பிழை இல்ல.

அதைத்தான் நான் சொல்ல வாறன். பிழை நம்பரில இல்ல, திகதி இல்லாததில. பிளேட்லெட் அஞ்சு நாளைக்கு மேல வெச்சிருக்கவும் ஏலாது, அப்ப அந்த மெசேஜுக்கு ஏன் மூண்டு வருச ஆயுசு? திகதி இல்லாத மெசேஜை குரூப்பில விட மாட்டன் எண்டு இண்டைக்கு நான் முடிவெடுக்கிறன். ரீச்சர் சொன்ன மாதிரி ஐடி படமும் இனி இல்ல. இரத்தத்துக்கு நம்பர் இருக்கும்.

உவர்மலை ரீச்சர்

தம்பி, நம்பர் ஏன் வீட்டுக்காரரிட நம்பரா இருக்கணும்? ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்கு நேர கோல் எடுத்தா தேவையா இல்லையா எண்டு அவங்களே சொல்லுவாங்க. இந்த நாட்டில இரத்தம் தாறதுக்கு, பதிலுக்கு இரத்தம் குடுக்க ஆள் கொண்டு வா எண்டு கேக்கிறதும் இல்ல, 2014இல இருந்து முழுக்க தன்னார்வமாக் குடுக்கிற ஆக்கள்தான்.

பாலையூற்று அட்மின்

ராத்திரி ஒரு மணிக்கு அங்க லைன் கிடைக்கிறேல்ல ரீச்சர், நான் அடிச்சுப் பாத்தவன். வீட்டுக்காரர் எடுப்பாங்க. இப்பிடி ஒண்டு எழுதியிருக்கன், பாருங்க:

"2025 ஐப்பசி 14, செவ்வாய். ஓ நெகட்டிவ் பிளேட்லெட். வார்ட் 7, திரு. க. நோயாளிக்கு. தொடர்புக்கு: மகன். 17ஆம் திகதிக்குப் பிறகு பகிர வேண்டாம்."

உப்புவெளிக்காரி

திகதி நல்லம். கடைசி வரி நல்லம். "திரு. க." எண்டதையும் வார்ட் நம்பரையும் எடுங்க, இரத்தம் குடுக்க வாறவன் வார்ட்டுக்குப் போறேல்ல, இரத்த வங்கிக்குத்தான் போறான். மகனிட நம்பருக்குப் பதிலா உங்கட நம்பரைப் போடுங்க. அட்மின்ட நம்பர். தேவை முடிஞ்சா வீட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லட்டும், மூண்டு வருசம் கழிச்சு கோல் வந்தாலும் உங்களுக்கு வரட்டும்.

பாலையூற்று அட்மின்

மாசத்தில இருபது மெசேஜ் வருது அக்கா. எல்லாத்துக்கும் என்ட நம்பரா?

உப்புவெளிக்காரி

ஓம் தம்பி.

கிண்ணியா நானா

கிண்ணியாப் பக்கத்துக்கு என்ட நம்பரைப் போடுங்க. நான் ராவில கடை அடைச்சிட்டு முழிச்சுத்தான் இருப்பன்.

பாலையூற்று அட்மின்

சரி நானா, உங்கட பக்கத்துக்கு உங்கட நம்பர். டவுனுக்கு இந்த மாசம் என்டதைப் போட்டுப் பாக்கிறன், சமாளிக்க ஏலாட்டி திரும்ப வந்து கதைப்பம். வார்ட் நம்பரை எடுக்கிறது எனக்கு இன்னும் மனசில்ல.