சுடுகாட்டுக்கே போகாதவள் கல்லறை பார்க்கப் போகலாமா?

கணக்கு டீச்சர் (அம்பத்தூர்):

வணக்கம். வயது 61. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன்.

போன ஜனவரியில் பழைய சக ஆசிரியைகள் ஐந்து பேர் பூநாரை பார்க்கலாம் என்று வேன் பிடித்துப் பழவேற்காடு போனோம். அன்றைக்கு ஏரியில் பறவை கண்ணுக்கெட்டாத தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது. படகுக்காரர் கேட்ட தொகைக்கு யாரும் மசியவில்லை. பொழுது போகவேண்டுமே என்று டச்சுக் கல்லறைக்குள் நுழைந்தோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கிறது. மற்ற நால்வரும் அதைப் பார்த்ததுமே வேனுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

டச்சு மொழியில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. ஆனால் எண் தெரியுமே! கல்லில் எழுத்தைக் குழித்து வெட்டாமல், புடைத்து நிற்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். தடவினாலே 16 என்று தொடங்குவது விரலுக்குப் புரிகிறது. பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் கண்டுபிடித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டே போனேன். முப்பது தாண்டாதவர்கள் பலர். சின்னக் கல் ஒன்றில் விடை ஒற்றை இலக்கத்தில் வந்தது. மறுபடி கழித்தேன். விடை மாறவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நாத்தனார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "குளித்துவிட்டு உள்ளே வா. ஊரில் கோயிலா இல்லை? பிணம் புதைத்த இடத்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் இல்லையென்றால் போய்விடுவாயா?" என்றார். பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1994-இல் அப்பா இறந்தபோது நான்தான் ஒரே பிள்ளை. ஆனால் பெண்கள் தெருமுனைக்கு மேல் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். மறுநாள் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். அப்பாவின் பெயர் எழுதிய ஒரு கல் எங்கும் கிடையாது. யாரோ ஓர் ஓலாந்து (டச்சு) வியாபாரிக்கு இருக்கிறது.

கேட்க வந்தது இதுதான். இந்த ஆசை எனக்கு மட்டும்தானா? சென்னைக்குள் இப்படிப் போகக்கூடிய இடம் உண்டா? முழங்கால் வலி இருக்கிறது. குனிந்து நிமிர்வது கஷ்டம்.

துறைமுகத்துக்காரன்:

டீச்சர், உங்களுக்கு மட்டும் அல்ல. நான் இருபது வருடமாக இந்தக் கிறுக்கோடுதான் அலைகிறேன். வீட்டில் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள்.

முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குப் போங்கள். 1680-இல் திறந்தது. அதைச் சுற்றித் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. ஆனால் கீழே யாரும் இல்லை! அந்தக் கற்களின் சொந்த இடம் இப்போது பழைய சட்டக் கல்லூரி இருக்கும் வளாகம். அங்கேதான் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு இருந்தது. 1758-59-இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தச் சமாதிகளின் மறைவில் இருந்துகொண்டு கோட்டையைத் தாக்கியது. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று சமாதிகளை இடித்தது. கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து தேவாலய முற்றத்தில் பதித்துவிட்டார்கள். உடல் ஓரிடம், பெயர் ஓரிடம். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் எல்லாம் காலடியில் கிடக்கும். 1652 என்ற ஆண்டோடு எலிசபெத் பேக்கரின் கல் ஒன்று இருக்கிறது. கழித்தல் ஆசைக்குத் தீனி நிறைய உண்டு.

இடிக்காமல் விட்டது சொற்பம். சட்டக் கல்லூரி வளாகத்திலேயே நின்றுபோன ஒரு சமாதியில் ஜோசப் ஹின்மர்ஸும், ஆளுநர் எலைஹு யேலின் சின்னப் பையன் டேவிடும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல்தான். ஹின்மர்ஸின் விதவையைத்தான் யேல் மணந்தார். கோட்டைத் தேவாலயத்தில் பதிவான முதல் திருமணம் அது. ஆக, பையன் தூங்குவது அம்மாவின் முதல் கணவரோடு. இந்த உறவுக்குத் தமிழில் என்ன முறை என்று யாராவது சொல்லுங்கள்.

அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியத் தேவாலயத்தையும் விடாதீர்கள். 1772-இல் கட்டியது. உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794-இல் அச்சடித்து வெளியிட்ட பாதிரியார் ஷமாவோனியன் அங்கேதான் இருக்கிறார். அச்சடித்த ஊர் எது தெரியுமா? நம்முடைய மதராஸ்.

கோட்டைக்கு அடையாள அட்டை கொண்டுபோங்கள். காலை எட்டரை, ஒன்பதுக்குள் போனால் வெயில் சாய்வாக விழும். மங்கிய எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். ஒரு சின்னக் கைக்கண்ணாடி வைத்திருந்தால் குனியாமலே ஒளியைக் கல்மேல் திருப்பிப் படிக்கலாம். இன்னொன்று, நீங்கள் டீச்சர் என்பதால் சொல்கிறேன். பையில் சாக்பீஸ் இருந்தாலும் எழுத்தின்மேல் தேய்த்துவிடாதீர்கள். கல் கெடும்.

மணப்பாறை மாடசாமி:

தீட்டு என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். மந்திராலயத்தில் ராகவேந்திரரின் பிருந்தாவனத்தைச் சுற்றுகிறோமே, அது என்ன? நாகூரில் சந்தனக்கூடு பார்க்கப் போகிறோமே? ஊருக்கு ஊர் ஜீவசமாதி. எங்கள் குலசாமியே ஒரு நடுகல்தான், மாடு மீட்கப் போய்ச் செத்தவன். எல்லாவற்றுக்கும் மேலே, மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துக் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்ட கூட்டம் நாம். அங்கிருந்து வந்து யார் குளித்தார்கள்? சுண்டல்தான் தின்றார்கள்.

கொலுசு வியாபாரி மகள் (பாளையங்கோட்டை):

மாடசாமி அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் நான் கொஞ்சம் வேறு பக்கத்தில் நின்று பேசுகிறேன். எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் "பார்க்கும்" இடம் அல்ல. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று தாத்தா, ஆச்சி, பிறந்த பதினோராம் நாளில் போன என் தம்பி, எல்லோர் தலைமாட்டிலும் மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்கிறோம். முந்தின வாரமே புல் செதுக்கி வெள்ளையடிப்போம். போன வருடம் யாரோ சிலர் வந்து எங்கள் ஆச்சியின் சிலுவையில் சாய்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். கேட்டதற்கு, "அழகாக இருக்கிறது" என்றார்கள். அழகுதான். ஆனால் அது ஆச்சி.

டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எழுத்திலேயே தெரிகிறது. ஓலாந்துக்காரர்களுக்கு அங்கே மெழுகுவத்தி ஏற்ற யாரும் இல்லை. நீங்கள் வயதைக் கழித்துப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. மேலே மிதிக்காமல் நடங்கள், அது போதும். குளிப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நாங்களும் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டுதான் சாப்பிட உட்காருவோம்.

மாத்தளைப் பாதை:

டீச்சர், நான் கண்டியில் இருக்கிறேன். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்தில், அருங்காட்சியகத்தின் பின்னால் மேடேறினால் பிரித்தானியப் படையினரின் பழைய மயானம் இருக்கிறது. 1817-இல் தொடங்கியது. மரநிழல், வெட்டிவிட்ட புல், ஆள் நடமாட்டமே இராது.

அங்கே கற்களைவிடச் சாவுகள்தாம் பேசும். ஒருவர் 1856-இல் காட்டு யானையால் கொல்லப்பட்டவர். ஒருவர்மேல் 1861-இல் வீடே இடிந்து விழுந்தது. 1815-இல் கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த ஜோன் டொய்லி 1824-இல் காய்ச்சலில் போய் அங்கே கிடக்கிறார். என்னால் மறக்க முடியாதவர் கப்டன் ஜேம்ஸ் மக்லாஷன். வாட்டர்லூ வரை பல போர்களில் தப்பியவர். 1817-இல் திருகோணமலையிலிருந்து கண்டிக்கு மழையில் நடந்தே வந்தார். காய்ச்சல் கண்டது. முடிந்தது.

அவருடைய கல்லுக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் நிற்பேன். எங்கள் பாட்டனின் பாட்டனும் நடந்துதான் வந்தார். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து காடு வழியே மாத்தளை, பிறகு கோப்பித் தோட்டம். அந்தப் பாதையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார்கள். ஒரு கல்லும் இல்லை. துரைமார் நடந்து செத்தால் கல், நாங்கள் நடந்து செத்தால் உரம். கோபத்தோடுதான் முதன்முதலில் அங்கே போனேன். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் போவதை நிறுத்தவும் இல்லை. பெயர் எழுதி வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு எனக்குப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது.

கணக்கு டீச்சர் (அம்பத்தூர்):

எல்லோருக்கும் நன்றி. மாத்தளைப் பாதை எழுதியதை நாத்தனாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தார். அதைக் குடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நேற்றுக் கோட்டைக்குப் போனேன். கைக்கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது, துறைமுகத்துக்காரரே. பதினேழு கல் படித்தேன். தரை முழுக்கப் பாவியிருக்கும்போது மிதிக்காமல் நடப்பது எப்படி என்றுதான் பாளையங்கோட்டைத் தங்கையிடம் கேட்கவேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். காவலுக்கு நின்றவர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

திரும்பி வந்து குளிக்கவில்லை. கைகால் மட்டும் கழுவினேன். நாத்தனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரவு விளக்கை அணைத்தபிறகு, அந்த ஆர்மீனியக் கோயிலில் உட்கார இடம் இருக்குமா என்று கேட்டார். அவருக்கும் முழங்கால் வலி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.