புதுப்பிப்பு: ஐஎம்எக்ஸ்219 டிரைவரில் இரண்டாவது ஸ்ட்ரீமும் வந்துவிட்டது

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஐஎம்எக்ஸ்219 என்ற சோனி கேமரா சென்சாரிலிருந்து படம் வருகிறது, மெட்டாடேட்டா (அந்தப் படம் எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்ற விவரம்) மட்டும் வரவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது அதுவும் தனி ஸ்ட்ரீமாக (தரவு ஓட்டமாக) வருகிறது!

தப்பு என் டிரைவரில்தான், அதாவது சென்சாரை இயக்கும் மென்பொருளில்தான். சென்சார் ஒவ்வொரு ஃப்ரேமின் தலையிலும் 2 வரி மெட்டாடேட்டா அனுப்பும். படமும் அதுவும் கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஒரே சிஎஸ்ஐ-2 இணைப்பில், அதற்குள் ஒரே விர்ச்சுவல் சேனலில் (தரவைப் பிரிக்கும் தடத்தில்) போகின்றன. தரவு வகை எண்தான் வேறு. பதின்ம எண்ணில் சொன்னால் 10 பிட் படத்துக்கு 43, மெட்டாடேட்டாவுக்கு 18. என்னென்ன தரவு வரும் என்று கணினிப் பக்க ரிசீவருக்குச் சொல்லும் பட்டியல்தான் ஃப்ரேம் டிஸ்கிரிப்டர்; நான் அதில் படத்தை மட்டும் சொல்லியிருந்தேன். 18 வந்தால் எங்கே போடுவது என்று ரிசீவருக்குத் தெரியவே இல்லை.

அதைச் சேர்த்ததும் அடுத்த சிக்கல். ஸ்ட்ரீமுக்கு ஒரு முறை என ஸ்டார்ட் அழைப்பு இரண்டு தடவை வந்தது, சென்சாரும் இரண்டு தடவை கிளம்பியது. இப்போது முதல் அழைப்பில் மட்டும் கிளப்புகிறேன், கடைசி ஸ்ட்ரீம் நின்றால்தான் நிறுத்துகிறேன்.

அப்புறம் எக்ஸ்போஷரை (சென்சார் ஒளி வாங்கும் நேரம், வரிக் கணக்கில்) 1024 வரியிலிருந்து 1280 ஆக்கிப் பார்த்தேன். ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணில் அவை 0400, 0500. மெட்டாடேட்டாவை அப்படியே கொட்டிப் பார்த்த டம்ப்பில் 04 இருந்த பைட் 05 ஆனது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

முயல்பவர்கள் லினக்ஸ் 6.3-க்குக் கீழே போக வேண்டாம். ஒரே இணைப்பில் பல ஸ்ட்ரீம்களைக் கையாள டிரைவர்களுக்கு உதவும் ஸ்ட்ரீம் ஏபிஐ (நிரல் இடைமுகம்) அதில்தான் வந்தது.