உதவி: நானே செய்த அலை ட்ரான்சிஷன் ஒரு இடத்தில சரி, மற்ற இடத்தில குழம்புது

நிலாவெளி அலை
அண்ணாமார், அவசரம். ஞாயித்துக்கிழமை கல்யாண வீடியோ குடுக்கணும். கோணேசர் மலைக்குக் கீழ அலை அடிக்கிற மாதிரி ஒரு ட்ரான்சிஷன் (ஒரு கிளிப்பில இருந்து அடுத்ததுக்கு மாறுற காட்சி) நானே செய்தன். முதல் இடத்தில வடிவா வந்திது. மற்ற இடங்களில போட்டா குழம்புது. மூண்டு நாளா இதோட மாரடிக்கிறன். ஒருக்கா சொல்லுங்கோ.

மூதூர் பொடியன்
எதில எடிட் பண்றீங்க நானா? குழம்புது எண்டா என்ன நடக்குது? கறுப்பா வருதா, இறுகி நிக்குதா?

பழைய கமரா
தம்பி, மென்பொருள் பேர் இல்லை, பதிப்பு இல்லை, ஒரு படம்கூட இல்லை. வைத்தியரிட்டப் போய் நோகுது எண்டு மட்டும் சொன்னா அவர் என்ன மருந்து எழுதுவார்? விஎச்எஸ் காலத்தில இருந்து நான் கல்யாணம் எடுக்கிறன். தாலி கட்டுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில ஒரு நேர் வெட்டு போதும். முதல் அடிப்படையைப் படியும்.

உப்புவெளி 25
போனில எடுத்த துண்டு கலந்திருக்கா? அப்ப அதுதான் காரணம். போன் வீடியோவில பிரேம் வேகம் (செக்கனுக்கு எத்தனை படம் எண்டது) ஒரே அளவில நிக்காது, டைம்லைன் (கிளிப்புகளை அடுக்கிற வரிசை) 25 எண்டா ஒத்து வராது. எல்லாத்தையும் முதல் 25க்கு மாத்துங்கோ. எனக்கு இதால எத்தனை தரம் வேலை கெட்டது.

நிலாவெளி அலை
மன்னிக்கணும், அவசரத்தில எழுதிட்டன். டாவின்சி ரிசால்வ் 18, இலவசப் பதிப்பு. டைம்லைன் 25. போன் துண்டு ஒண்டும் இல்லை, எல்லாம் ஒரே கமரா. அதுக்குள்ள இருக்கிற ஃபியூஷன் எண்ட எஃபெக்ட் பகுதியில செய்து டெம்ப்ளேட்டா சேமிச்சு வச்சிருக்கிறன். டைம்லைன் படம் போட்டிருக்கிறன், பாருங்கோ.

உப்புவெளி 25
கமரா எண்டாலும் ஒருக்கா செக் பண்ணுங்கோ.

மூதூர் பொடியன்
கிளிப்பின்ட நுனியில மிச்சம் இருக்கா நானா? 2 செக்கன் ட்ரான்சிஷனை வெட்டின இடத்துக்கு நடுவில போட்டா, முதல் கிளிப்பில வெட்டுக்குப் பிறகு 25 பிரேம், ரெண்டாவதில வெட்டுக்கு முதல் 25 பிரேம் வேணும். கிளிப்பை நுனி வரைக்கும் பாவிச்சிருந்தா ஏறாது.

கோட்டை வாசல்
மன்னிக்கணும், இது வேற கதை. அந்தப் படத்தில மணப்பெண் மானுக்கு பிஸ்கட் குடுக்கிறா. பிரெட்ரிக் கோட்டைக்குள்ள தயவுசெய்து இதைச் செய்யாதீங்கோ. பின்னேரம் நான் அந்த வழியாத்தான் வீட்டை போறனான். பிஸ்கட்டைத் திண்டிட்டு அந்த உறையையும் சேத்து மெல்லுற மானைக் கண்ணால கண்டிருக்கிறன். வாயில மினுங்குற தாள் தொங்குது, கிட்டப் போனா விழுங்கிடுது.

பழைய கமரா
கோயிலுக்கு வாற சனம் முழுக்க நெடுகக் குடுக்குது. கமராக்காரனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்?

கோட்டை வாசல்
நீங்கள்தான் மானைக் கிட்டக் கூப்பிட பெட்டியோட வாறீங்கள். ஃபிரேமுக்குள்ள வரும் வரைக்கும் குடுத்துக்கொண்டே நிக்கிறீங்கள். நகரத்துக்குள்ள மான் திரியிற ஊர் எங்கட ஊர். அதைக் காப்பாத்துறதும் எங்கட வேலைதான்.

மூதூர் பொடியன்
இதுக்குத் தனி இழை திறங்க. அந்தப் பிள்ளை ஞாயித்துக்கிழமை குடுக்கணும்.

சல்லி எடிட்டர்
தம்பி, ஒண்டு கேக்கிறன். முதல் சரியா வந்த இடத்தில ட்ரான்சிஷன் நீளம் எவ்வளவு? குழம்புற இடத்தில எவ்வளவு?

நிலாவெளி அலை
முதல் இடம் 1 செக்கன். மற்றது ஒண்டு 2 செக்கன், ஒண்டு அரைச் செக்கன். 2 செக்கன்ல அலை பாதியிலேயே போய் முடிஞ்சிடுது, மிச்ச நேரம் ரெண்டாவது கிளிப் மட்டும். அரைச் செக்கன்ல அலை நடுவில நிக்க, டக்கெண்டு வெட்டுது.

சல்லி எடிட்டர்
அப்ப நோய் பிடிபட்டிட்டுது. மாஸ்க்கை (படத்தில எந்தப் பகுதி தெரியணும் எண்டு வெட்டுற உருவம்) கீ பிரேம் (இந்தப் பிரேமில இந்த இடம் எண்டு வைக்கிற குறி) வச்சு நகத்தியிருக்கிறீர், என்ன? 0வது பிரேமில தொடங்கி 24இல முடியும். அந்தக் கீ பிரேம் பிரேம் எண்ணிக்கையோட கட்டுப்பட்டது, ட்ரான்சிஷனை இழுத்தா அது கூட வராது. 50 பிரேமில 24 ஓடி முடிஞ்சா மிச்சம் வெறுமைதான். 12 பிரேமில பாதிதான் ஓடும்.

கீ பிரேமை முழுக்க அழியும். பொலிகன் மாஸ்க்கின்ட சென்டரில வலது கிளிக், மாடிஃபை வித், எக்ஸ்வை பாத். சென்டர் எண்டது ரெண்டு எண் சேர்ந்தது, அதில நேரடியா அனிம் கர்வ்ஸ் (ட்ரான்சிஷன் நீளத்துக்கு ஏத்த மாதிரி எண்ணை மாத்துற கருவி) போட ஏலாது. கன பேர் தடுக்கி விழுற இடம் இதுதான். பிறகு மாடிஃபையர்ஸ் தாவலுக்குப் போய் எக்ஸில வலது கிளிக் பண்ணி அனிம் கர்வ்ஸ். சோர்ஸை ட்ரான்சிஷன் எண்டு மாத்தும். இப்ப நீளம் எவ்வளவா இருந்தாலும் தொடக்கத்தில 0, முடிவில 1. உம்மட எக்ஸ் எதில இருந்து எதுமட்டும்?

நிலாவெளி அலை
-0.6 இல இருந்து 0.6.

சல்லி எடிட்டர்
ஸ்கேல் (பெருக்கிற எண்) 1.2, ஆஃப்செட் (கூட்டுற எண்) -0.6. அலை கரையில மெல்லமா வந்து சேரணும் எண்டா கர்வை ஈசிங் ஆக்கும். பழையபடி மெக்ரோவா (எல்லாத்தையும் ஒரே கருவியாக் கட்டினது) சேமியும். சேமிக்கிற கோப்புறை, விண்டோஸ் எண்டா, இந்த வழி: ஆப்டேட்டா, ரோமிங், பிளாக்மேஜிக் டிசைன், டாவின்சி ரிசால்வ், சப்போர்ட், ஃபியூஷன், டெம்ப்ளேட்ஸ், எடிட், ட்ரான்சிஷன்ஸ். ரிசால்வை மூடித் திறவும். டைம்லைன்ல ஏற்கனவே போட்டது தானா மாறாது, ஒவ்வொண்டா அழிச்சுத் திரும்பப் போடணும்.

உப்புவெளி 25
எண்டாலும் பிரேம் வேகத்தையும் பாக்கிறது நல்லம்.

பழைய கமரா
அனிம் கர்வ்ஸ் எனக்கும் தெரியும். கேள்வியை ஒழுங்காக் கேட்டிருந்தா முதலே சொல்லியிருப்பன்.

நிலாவெளி அலை
சல்லி அண்ணா, வந்திட்டு! 2 செக்கனுக்கும் சரி, அரைச் செக்கனுக்கும் சரி. ரெண்டு இடத்தில மட்டும் ஏறேல்ல, மூதூர் தம்பி சொன்ன மாதிரி கிளிப் நுனியில மிச்சம் இல்லை. அங்க நேர் வெட்டு விட்டுட்டன். எக்ஸ்போர்ட் ஓடுது.