சிஏசிஎன்ஏ1ஏ மரபணு பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் தங்கைக்குச் சில வருடங்களாகத் திடீர் திடீரென்று தலைசுற்றலும் நடையில் தள்ளாட்டமும் வரும். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். காதுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம். போன மாதம் மரபணுப் பரிசோதனையில் சிஏசிஎன்ஏ1ஏ-வில் மாற்றம் இருப்பதாக வந்தது. எபிசோடிக் அட்டாக்சியா (விட்டு விட்டு உடல் தள்ளாடும் நோய்), இரண்டாம் வகை என்கிறார்கள்.

படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: 19ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாசலைக் கட்டுகிறது. மின்துடிப்பு வந்ததும் வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாயும். அப்போதுதான் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள் வெளியேறும். உடல் அசைவைச் சீராக்கும் சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் என்ற நரம்பு செல்களில் இந்த வாசல்கள் ஏராளம், அதனால்தான் நடை தடுமாறுகிறது போல. (கால்சியம் மாத்திரை போட்டால் சரியாகாதா என்று அம்மா கேட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று புரியவைக்க ஒரு மாலையே போயிற்று.)

குழப்பம் இங்கேதான். இதே மரபணுவில் வேறு மாற்றம் வந்தால், உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும் ஒற்றைத் தலைவலி வருமாம். அதில் வாசல் தேவைக்கு மேல் வேலை செய்கிறது. தங்கைக்கோ வேலையே குறைவு. ஆனாலும் அவளுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு! எப்படி?

அப்புறம், இதற்குக் கொடுத்த அசெட்டசோலமைடு என்ற மருந்தைத் தொடங்கியபின் தங்கைக்குத் தள்ளாட்டம் குறைந்திருக்கிறது, ஆனால் விரல்கள் மதமதக்கின்றன. இதை எடுப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்பதால் நானும் பரிசோதிக்கலாமா என்று யோசிக்கிறேன். அறிகுறி இல்லாமலே பரிசோதித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.