மறு: ‘ரிலே’க்கு ‘அஞ்சல்’ போதுமா?

> ‘அஞ்சல்’ என்றே வைக்கலாமே? வானொலியில் ‘அஞ்சல் செய்தல்’ பழகிய வழக்கு. இலங்கையில் ரிலே பந்தயமே அஞ்சலோட்டம்தான்.

வணக்கம் ஐயா.

சமூக வலைச் செயலிகளின் தமிழாக்கத்தில் வரும் ‘ரிலே’க்கு அஞ்சல் நல்ல சொல். ஆனால் நம் ஊரில் அது மின்னஞ்சலோடும், கோலாலம்பூரில் உருவான முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளோடும் ஒட்டிப்போய்விட்டது. ‘வீட்டில் அஞ்சல் நடத்துகிறேன்’ என்றால் மெயில் சர்வர் என்றுதான் நினைப்பார்கள். இகர விகுதி சேர்த்துக் கருவிப்பெயர் ஆக்கினால் ‘அஞ்சலி’, அதுவும் ஆகாது.

என் பெரிய தயக்கம் வேறு. ரிலே என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன.

மாஸ்டடன் சமூக வலை பேசும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் ரிலே ஒரு வழங்கியின் (சர்வரின்) பொது இடுகைகளை வாங்கி, தன்னோடு இணைந்த மற்ற வழங்கிகளுக்குத் தள்ளிவிடும். இதற்கு நீங்கள் சொன்ன ‘அஞ்சல்’ கச்சிதம். இன்னொரு சமூக வலையான ப்ளூஸ்கையின் ஏடி நெறிமுறையில் ரிலே பல தரவு வழங்கிகளிலிருந்து மாற்றங்களை இழுத்து ஒரே ஓடையாக்கித் தருகிறது. 2004-இல் வலைப்பதிவுகளைத் திரட்டித் தரும் தமிழ்மணம் வந்த காலத்திலேயே இந்த வேலைக்கு நம்மிடம் ‘திரட்டி’ இருக்கிறது. புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

சிக்கல் மூன்றாவதான நாஸ்டர் நெறிமுறையில்தான். பினாங்கில் பாயான் லெப்பாஸ் வீட்டில் ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினியில் ஒரு நாஸ்டர் ரிலேயைத்தான் ஓட்டுகிறேன். தங்கையின் கைப்பேசியிலிருந்து ஒரு குறிப்பு வந்ததும், ஷா-256 என்ற கைரேகை போன்ற கணக்குப் போட்டு அதன் அடையாளம் சரியா என்று பார்க்கும். பிறகு கையொப்பம் அவளுடைய பொதுத் திறவியோடு (யாரும் அறியலாம் என்று வெளியிட்ட சாவியோடு) ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போனால் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு ‘ஓகே’ சொல்லும்; இல்லாவிட்டால் காரணம் சொல்லி மறுக்கும். எழுதும் உரிமை எங்கள் குடும்பத்துத் திறவிகளுக்கு மட்டும்; படிக்க யாரும் வரலாம். கேட்பவருக்கு இருப்பதையெல்லாம் கொடுத்து, ‘இருப்பு முடிந்தது’ என்று ஒரு வரி அனுப்பும். இணைப்பு திறந்திருக்கும்வரை, புதிதாக வருவதையும் வரவர அனுப்பும்.

பக்கத்து ரிலேயோடு அது பேசுவதே இல்லை. ஒரே குறிப்பைப் பல ரிலேக்களுக்கு அனுப்புவது தங்கையின் கைப்பேசிச் செயலிதான். மாலை இடிமழையில் எங்கள் வீட்டில் மின்சாரம் போனாலும் அவள் எழுதியது வேறு இடத்தில் கிடைப்பது அதனால்தான். எங்கள் இணைப்புக்குத் தனி ஐபி முகவரி இல்லை, பல வீடுகளுக்கு ஒன்று. ஆகவே வெளியிலிருந்து ரிலேயை அடைய, வாடகைக்கு எடுத்த சிறு வழங்கி வழியாகச் சுரங்கம் (டன்னல்) போட்டிருக்கிறேன். உண்மையில் இங்கே அஞ்சல் செய்வது அந்தச் சுரங்கம், ரிலே அல்ல.

வாங்கி, சோதித்து, வைத்திருந்து, கேட்டால் தரும் இடத்துக்கு ‘சாவடி’ என்பது என் பரிந்துரை. சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி எல்லாமே வருபவரை நிறுத்திச் சரிபார்க்கும் இடங்கள். வழிப்போக்கர் தங்கும் பழைய பொருளும் உண்டு. சாவடியில் இடு, சாவடியிலிருந்து எடு, சாவடிப் பட்டியல்: எப்படிச் சேர்த்தாலும் வளைந்து கொடுக்கிறது.

---

> ‘சாவடி’ என்பது என் பரிந்துரை

தம்பி, திரட்டிக்கு என் ஆதரவு உண்டு. சாவடியில் இரண்டு நெருடல். தெலுங்கிலும் மராத்தியிலும் இதே சொல் இருக்கிறது, தனித்தமிழ் பார்ப்பவர்கள் கேட்பார்கள். அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் கோலாலம்பூர் பக்கம் சாவடி என்றால் முதலில் டோல்தான் ஞாபகம் வரும். காசு கொடுக்க வேண்டுமோ என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ‘பதிவுச்சாவடி’ என்று முன்னால் ஒன்று சேர்த்தால் என்ன?

---

அக்கா, நாஸ்டரில் கட்டணம் வாங்கும் ரிலேக்களும் உண்டு, ஆகவே அந்த நினைப்பு முழுத் தவறில்லை. இருந்தாலும் முன்னொட்டு தேவைதான். ‘பதிவு’ வேண்டாம், பெயர் பதியும் முகப்பு போல ஒலிக்கிறது. நாஸ்டரின் முழுப்பெயரே ‘நோட்ஸ்’, அதாவது குறிப்புகள், என்றுதான் தொடங்குகிறது. எனவே முதல் தடவை ‘குறிப்புச்சாவடி’, பிறகு வெறும் ‘சாவடி’.

மொழிபெயர்ப்புக் கோப்பில் அஞ்சல், திரட்டி, சாவடி மூன்றையும் தனித்தனி வரிகளாகப் பிரித்துவிட்டேன். ‘ரிலே’ என்ற ஒரே சரம் (மொழிபெயர்க்க வேண்டிய சொல்) மூன்று செயலிகளிலும் வருகிறது. எந்தச் செயலி என்று பக்கத்தில் குறிக்காமல் யாரும் மாற்றிவிட வேண்டாம்.